நான்கு அங்குலத்துக்கு ஒரு சட்டம்

மாணவர்களே, வயிறு தரையை உரசிவிடுமோ என்று நினைக்கும் அளவுக்குத் தாழ்ந்துபோன கார்களைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். அதே சாலையில், ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும் போல உயர்ந்து நிற்கும் பிக்-அப் வாகனங்களையும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இவை தொழிற்சாலையிலிருந்து அப்படி வந்தவை அல்ல. வாங்கியவர் பட்டறைக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து உயரத்தை மாற்றியிருப்பார்.

“கார் என்னுடையது, காசும் என்னுடையது. எந்த உயரத்தில் ஓட்டினால் மற்றவர்களுக்கு என்ன?” இது நியாயமான கேள்விதான். இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது. அங்கே ஒரு மாநிலம் காரைத் தாழ்த்துவதற்கு இருந்த தடையை நீக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டில், இன்னொரு மாநிலம் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்துவதற்குப் புதிய தடை போட்டது. இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன அல்லவா? கொஞ்சம் இயற்பியலைத் தொட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது.

முதலில் சஸ்பென்ஷன் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். காரின் உடல் நேராகச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருப்பதில்லை. இடையில் சுருள்வில் இருக்கிறது. அதை நாம் ஸ்பிரிங் என்போம். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் சுருங்குகிறது, பள்ளத்தில் இறங்கும்போது விரிகிறது. உடல் ஏறத்தாழ அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோலக் குதித்துக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது அப்சார்பர். இவை இரண்டும் சேர்ந்து பயணத்தைச் சுகமாக்குகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: நான்கு டயர்களையும் எப்போதும் சாலையோடு அழுத்திப் பிடித்திருப்பது. சாலையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

இனி கலிஃபோர்னியாவுக்குப் போவோம்.

தாழ்ந்த கார்களின் கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களிடையே ஒரு பழக்கம் பரவியது. பழைய காரை வாங்கி, பளபளவென்று வண்ணமடித்து, முடிந்த மட்டும் தாழ்த்தி, விட்டியர் புலவார்ட் போன்ற சாலைகளில் மெதுவாக ஊர்வலம்போல ஓட்டினார்கள். மற்ற இளைஞர்கள் வேகத்துக்காகக் காரை மாற்றிய காலத்தில், இவர்கள் மெதுவாகப் போவதற்காக மாற்றினார்கள். இந்தக் கார்களுக்கு ‘லோரைடர்’ என்று பெயர். தாழ்த்துவதற்குத் தொடக்கத்தில் பின்பெட்டியில் மணல்மூட்டைகளைப் போட்டார்கள். பிறகு ஸ்பிரிங்கையே வெட்டினார்கள்.

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன ஆகும்? ஹூக் விதி உங்களுக்குத் தெரியும்: விசை இரு மடங்கானால் சுருக்கமும் இரு மடங்காகும். ஆனால் ஒரே கம்பியால் ஆன ஸ்பிரிங்கில் சுருள்களின் எண்ணிக்கை குறைந்தால் அதன் விறைப்பு கூடிவிடும். 8 சுருள் உள்ள ஸ்பிரிங்கில் 2 சுருளை வெட்டினால், விறைப்பு 8/6 மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். அதே நேரத்தில், சக்கரம் மேலே வருவதற்கு இருக்கும் இடமும் குறைந்துவிடுகிறது. பெரிய குழியில் விழுந்தால் ஸ்பிரிங் முழுதாகச் சுருங்கும் முன்பே உடலின் அடிப்பகுதி ரப்பர் தடுப்பில் இடித்துவிடும். இடித்த அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் இல்லாத கட்டைவண்டிக்கும் அந்தக் காருக்கும் வேறுபாடு இல்லை. டயர் சாலையைவிட்டுத் துள்ளும். தாழ்ந்த கார் என்றாலே நிலையான கார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நேர்த்தியாக வடிவமைத்துத் தாழ்த்திய பந்தயக் கார் வேறு, ரம்பத்தால் அறுத்த ஸ்பிரிங் வேறு.

1958 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட காரில், சக்கரத்தைத் தவிர வேறு எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ரிம் என்பது டயர் பொருத்தப்பட்டிருக்கும் உலோக வளையம். ஏன் குறிப்பாக ரிம்? ஓடும்போது ஒரு டயரில் காற்று முழுதும் இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கார் அந்த மூலையில் ரிம்மின்மேல் வந்து உட்காரும். எல்லாப் பாகங்களும் ரிம்முக்கு மேலே இருந்தால், தரையைத் தொடுவது ரிம் மட்டுமே. கார் தள்ளாடினாலும் ஓரமாக நிறுத்திவிடலாம். பிரேக் எண்ணெய்க் குழாயோ ஸ்டீயரிங் தண்டோ ரிம்முக்குக் கீழே தொங்கினால், முதலில் தரையில் தேய்வது அதுதான். ஆகவே இந்த விதியில் அறிவியல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அளக்க ஒரு நேரான கட்டையே போதும் என்பதும் இதன் சிறப்பு.

சட்டம் வந்தது, சட்டத்தைச் சமாளிக்கும் வழியும் அடுத்த ஆண்டே வந்தது. ரான் அகீரே என்ற இளைஞர், காரைத் தாழ்த்தியதற்காகப் போலீசாரிடம் பலமுறை அபராதச் சீட்டு வாங்கியவர். 1959-இல் அவர் தமது கார்வெட் காரில், பழைய விமான உதிரிப் பாகங்களைக் கொண்டு ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றைப் பொருத்தினார். ஒரு விசையைத் தட்டினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும். போலீஸ் போன பிறகு மீண்டும் தட்டினால் தாழும்!

குறும்புதான். ஆனால் இதன் அடிப்படை உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள பாஸ்கல் விதி. அடைத்துவைத்த திரவத்தின்மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். 1,600 கிலோ எடையுள்ள காரின் ஒவ்வொரு மூலையும் சுமார் 400 கிலோவைத் தாங்குகிறது, அதாவது 4,000 நியூட்டன். ஹைட்ராலிக் உருளையின் உட்பரப்பு 5 சதுர சென்டிமீட்டர் என்றால், 4,000 ÷ 0.0005 = 80 லட்சம் பாஸ்கல் அழுத்தம் தேவை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 80 மடங்கு. மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பு இதைத் தந்துவிடும். இன்று லோரைடர் கார்கள் துள்ளி ஆடுவதைக் காணொளிகளில் பார்க்கிறீர்களே, அதற்கும் இதுதான் அடிப்படை.

சண்டையின் மறுபக்கம் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டம் பாதுகாப்புக்காக எழுதப்பட்டதா, ஒரு குறிப்பிட்ட இனத்து இளைஞர்களைச் சாலையில் நிறுத்தி விசாரிப்பதற்கு வசதியாகப் பயன்பட்டதா? லோரைடர் சங்கங்கள் இரண்டாவது காரணத்தைத்தான் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. 1980களில் பல நகரங்கள், ஒரே சாலையில் திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிப்போவதையும் தடைசெய்தன. இறுதியில் 2023-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் இரண்டு தடைகளையும் ஒரே மசோதாவில் நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. 1958-இன் ரிம் விதி 66 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தது.

ஆனால் உயர்த்துவதற்கான வரம்பைக் கலிஃபோர்னியா தொடவில்லை. பயணிகள் காரின் அடிச்சட்டகம் தரையிலிருந்து 23 அங்குலத்துக்கு மேல், அதாவது 58 செ.மீ.க்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. தாழ்த்துவதற்கு மன்னிப்பு, உயர்த்துவதற்கு மட்டும் ஏன் இல்லை?

உயரம் கூடினால்

தொடக்கப்பள்ளி அறிவியலில் நிலைத்தன்மை பற்றிப் படித்திருப்பீர்கள். அடித்தளம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பொருள் எளிதில் சாயாது. வாகனத்துக்கும் அதே கணக்குத்தான். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுங்கள். கிடைக்கும் எண்ணை நிலைத்தன்மைக் காரணி என்று சொல்லலாம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001ஆம் ஆண்டு மாடல் வாகனங்கள் முதல் இந்த எண்ணைக் கொண்டு நட்சத்திரம் வழங்கியது. 1.45க்கு மேல் இருந்தால் ஐந்து நட்சத்திரம்: வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்தில் சிக்கினால் அது கவிழும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. 1.03 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஒரே நட்சத்திரம்: வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கும் அதிகம்.

நாமே கணக்குப் போடுவோம். எளிமைக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறிய கார்: சக்கர அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.55 மீட்டர். 1.5 ÷ 1.1 = 1.36. நான்கு நட்சத்திரம். ஒரு பெரிய பிக்-அப்: அகலம் 1.7, உயரம் 0.72. 1.7 ÷ 1.44 = 1.18. மூன்று நட்சத்திரம். இப்போது உரிமையாளர் அந்தப் பிக்-அப்பை 15 செ.மீ. உயர்த்துகிறார். சக்கரங்களும் அச்சும் பழைய இடத்திலேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் முழு 15 செ.மீ. ஏறாது, 12 செ.மீ. ஏறியதாகக் கொள்வோம். 1.7 ÷ 1.68 = 1.01. மூன்று நட்சத்திரம் ஒன்றாகிவிட்டது!

உயர்த்துபவர்களிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. “நாங்கள் சக்கரத்தையும் வெளியே தள்ளி அகலமாக்குகிறோமே” என்பார்கள். சரி, அகலம் 1.85 மீட்டர் ஆனதாக வைத்துக்கொள்வோம். 1.85 ÷ 1.68 = 1.10. இரண்டு நட்சத்திரம். இழந்ததில் ஏறத்தாழ பாதியைத்தான் திரும்பப் பெற முடிந்தது.

இன்னொரு வாதமும் உண்டு, அதைக் கவனமாகக் கேட்க வேண்டும். உலர்ந்த சாலையில் டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் கெழு சுமார் 0.8 முதல் 0.9 வரை. நிலைத்தன்மைக் காரணி 1.01 உள்ள வண்டிகூட, கவிழ்வதற்கு முன்னால் வழுக்கத் தொடங்கிவிடும் என்பது இதன் பொருள். அப்படியானால் அது கவிழவே கவிழாதா? சமமான தார்ச்சாலையில் கவிழ்வது அரிதுதான். ஆனால் பக்கவாட்டில் வழுக்கிப் போகும் வண்டியின் சக்கரம் சாலையோரக் கட்டையிலோ மென்மையான மண்ணிலோ மாட்டிக்கொள்கிறது. கீழ்ப்பகுதி நின்றுவிடுகிறது, மேல்பகுதி நிற்காமல் போகிறது. பெரும்பாலான கவிழ்வுகள் இப்படித்தான் நடக்கின்றன.

கவிழ்ந்தால் அடிபடுவது பெரும்பாலும் உள்ளே இருப்பவர். அவர் தெரிந்தே அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார் என்றுகூட வாதிடலாம். பம்பரின் கதை அப்படி அல்ல. அமெரிக்காவில் பயணிகள் கார்களின் பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள், அதாவது 41 முதல் 51 செ.மீ.க்குள், மோதலைத் தாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு கார்கள் மோதினால் பம்பரும் பம்பரும் சந்திக்கட்டும் என்பதற்காகவே அந்த அளவு. பிக்-அப் வாகனங்களுக்கு அந்த விதி பொருந்தாது. அதை மேலும் உயர்த்தினால், மோதலில் அதன் முன்பகுதி எதிர்க் காரின் பம்பரைத் தாண்டி, கதவிலோ முன்கண்ணாடியிலோ போய் இடிக்கும். சிறிய காரில் இருப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மூக்கு தூக்கிய பிக்-அப்கள்

இப்போது அந்த நான்கு அங்குலத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் வட கரோலைனா, தென் கரோலைனா மாநிலங்களில் புதுமோகம் ஒன்று பரவியது. பிக்-அப்பின் முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்திவிடுவார்கள். நாய் உட்கார்ந்திருப்பதுபோல வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும். இதை அங்கே ‘கரோலைனா ஸ்குவாட்’ என்கிறார்கள். பாலைவனப் பந்தய வண்டிகளைப் பார்த்துப் பிறந்த பாணி என்று சொல்லப்படுகிறது. பந்தய வண்டி மேட்டிலிருந்து பாய்ந்து இறங்குவது; அதன் தேவை வேறு. பள்ளிக்கூடச் சாலையில் போகும் வண்டிக்கு அந்தத் தேவை இல்லை.

வட கரோலைனாவில் 2021 டிசம்பர் 1 முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது: மாற்றியமைத்த வண்டியின் முன் சக்கர மட்கார்டு, பின் சக்கர மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது. 2022 பிப்ரவரியில் வர்ஜீனியா மாநிலத்தில் இப்படி மூக்கு தூக்கிய வண்டியோடு நிகழ்ந்த விபத்தில் ஒருவர் இறந்தார். அவரைச் சேர்ந்தவர்கள் சட்டம் கேட்டுப் போராட, அதே ஆண்டு அங்கும் தடை வந்தது. 2023-இல் தென் கரோலைனாவும் சேர்ந்துகொண்டது. அங்கே மூன்றாம் முறை பிடிபட்டால் ஓராண்டுக்கு ஓட்டுநர் உரிமம் முடக்கப்படும்.

4 அங்குலம் என்பது 10 செ.மீ. உங்கள் கைப்பேசியின் நீளம்கூட இல்லை. இதற்குப் போய் உரிமத்தைப் பிடுங்குவதா?

முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3.6 மீட்டர் தூரம் உள்ள பிக்-அப்பை எடுத்துக்கொள்வோம். 360 செ.மீ.க்கு 10 செ.மீ. ஏற்றம் என்றால், 100க்கு 2.8 என்ற சாய்வு. முன்விளக்கின் தாழ்ந்த ஒளியைத் தொழிற்சாலையில் 100க்கு ஏறத்தாழ 1 என்ற அளவுக்குக் கீழ்நோக்கிப் பொருத்துகிறார்கள். 50 மீட்டர் தள்ளி அந்த ஒளியின் மேல்விளிம்பு விளக்கைவிட அரை மீட்டர் தாழ்ந்திருக்கும். எதிரே வருபவர் கண்ணில் படாது. முன்பக்கம் தூக்கிய வண்டியில் 2.8 கழித்தல் 1, அதாவது 100க்கு 1.8 என்ற அளவுக்கு ஒளி மேல்நோக்கிப் போகிறது. 50 மீட்டரில் அது விளக்கைவிட 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். விளக்கே ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே வரும் காரோட்டியின் கண் 1.1 மீட்டர் உயரத்தில். முழு வெளிச்சமும் அவர் முகத்தில்!

விளக்கை மட்டும் திருகிக் கீழே இறக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். விளக்குப் பிரச்சினை அதோடு தீரும். தீராதது பார்வை.

இதற்கு வடிவொத்த முக்கோணம் போதும். கணிதப் புத்தகத்தைத் தனியாக எடுக்க வேண்டாம். ஓட்டுநரின் கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு 2 மீட்டர் முன்னால் என்ஜின் மூடியின் விளிம்பு, 1.2 மீட்டர் உயரத்தில். 2 மீட்டருக்கு அரை மீட்டர் இறங்கும் அந்தப் பார்வைக்கோடு, மூடியைத் தாண்டி 4.8 மீட்டரில்தான் தரையைத் தொடும். ஒரு மீட்டர் உயரமுள்ள பாலர் பள்ளிக் குழந்தை வண்டிக்கு முன்னால் நின்றால், 0.8 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் உச்சந்தலையாவது தெரியும். இப்போது மூடியின் விளிம்பு 20 செ.மீ. ஏறுகிறது, ஓட்டுநர் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அவர் கண் 10 செ.மீ. மட்டும் ஏறுகிறது. கோட்டின் சாய்வு குறைந்துவிட்டது. தரை தெரிவது 7 மீட்டரில். குழந்தை 2 மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியாது. ஒரு மேசையின் நீளத்துக்கு மேலான இடம் ஓட்டுநரின் உலகத்திலிருந்து காணாமற்போகிறது. கண்ணாடியோ விளக்கோ திருகி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

என் பார்வையில், இங்கே சட்டம் தலையிடுவதில் தவறில்லை. தாழ்த்திய காரில் முதலில் அவதிப்படுவது காரும் அதன் முதலாளியும்தான்; வேகத்தடையில் ஏறும்போது எழும் சத்தத்தைக் கேட்டாலே தெரியும். தூக்கிய வண்டியின் விலையைக் கொடுப்பது வெளியே இருப்பவர். கலிஃபோர்னியா ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றை வைத்துக்கொண்டதற்கு இயற்பியல் துணை நிற்கிறது என்றே சொல்வேன்.

ஆனாலும் அந்த நான்கு அங்குல விதி அரைகுறையானது என்று குறை சொல்பவர்களிடமும் உண்மை இருக்கிறது. அது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளக்கிறது. முன்னும் பின்னும் சமமாக 25 செ.மீ. உயர்த்தப்பட்ட வண்டி அந்த விதியில் மாட்டாது. அதன் முன்னாலும் குழந்தை மறைந்துதான் போகும். அப்படியானால் ஏன் இந்த அளவுகோல்? சாலையோரத்தில் நிற்கும் போலீஸ்காரரிடம் ஈர்ப்பு மையத்தை அளக்கும் கருவி இல்லை. அவர் கையில் இருப்பது அளவுநாடா. அளக்க எளிதானதைச் சட்டமாக்குவதா, உண்மையான ஆபத்தைச் சட்டமாக்குவதா என்ற இழுபறி 1958-இன் ரிம் விதியிலும் இருந்தது, இதிலும் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் பாரம். பின்னால் மூட்டைகளை ஏற்றினால் எந்த வண்டியும் கொஞ்சம் மூக்கைத் தூக்கும். அதனால்தான் பல பிக்-அப்களைத் தொழிற்சாலையிலேயே பின்பக்கம் சற்று உயரமாக அமைக்கிறார்கள். பாரம் ஏறியதும் மட்டமாகிவிடும். பாரமே இல்லாமல் பின்பக்கத்தைத் தாழ்த்திய வண்டியில் சரக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

சோதிக்க வண்டியை மாற்ற வேண்டியதில்லை. வீட்டுக் காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, தரையிலிருந்து முன் மட்கார்டின் வளைவு வரையும், பின் மட்கார்டின் வளைவு வரையும் அளந்து எழுதுங்கள். பிறகு பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, பின்பெட்டியில் இரண்டு மூட்டை அரிசியை வைத்து மறுபடியும் அளங்கள். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தால் வித்தியாசத்தை வகுத்தால், உங்கள் கார் எத்தனை விழுக்காடு சாய்ந்தது என்பது கிடைக்கும். அது 1-ஐத் தாண்டினால், ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண்கள் போட்ட சிறு உருளை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல கார்களில் இருக்கும். பல பெற்றோருக்கு அது எதற்கென்று தெரியாது. பாரம் ஏறும்போது முன்விளக்கைக் கீழே இறக்குவதற்கானது அது.